குப்புசாமி என்னும் பெயர்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், ஒன்பதாம் வகுப்பின் பெயர்ப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டு நாம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வருஷம் பொதுத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி முதலியவற்றில் பிழை இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ள வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். அதன்பேரில் ஒரு மாணவனின் தகப்பனார் வந்தார். நாற்பது வயதிருக்கும். விரல் நகங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பெயிண்ட் படிந்திருந்தது. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் எழுத்து எழுதும் வேலை. அவருக்குப் பின்னால், தோளில் துண்டுடன் ஒரு முதியவர் வந்து, நாம் சொல்லியும் நாற்காலியில் உட்காராமல், சுவரோரத்துப் பெஞ்சியில் போய் அமர்ந்துகொண்டார்.

"பையன் பேரை மாத்தோணுங்க சார்" என்றார் தகப்பனார்.

பையனுக்குப் பெயர் குப்புசாமி. பெஞ்சியில் இருந்த முதியவருக்கும் அதுவே பெயர். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் நாட்டு வழக்கம். 'பெயரன்' என்பதுதான் 'பேரன்' ஆயிற்று என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆனால் வகுப்பில் சொல்வது வேறு, பெயரைச் சுமப்பவன் படுகிற பாடு வேறு. காலையில் பேரூராட்சியின் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் வரும்போதெல்லாம், "உன்னைக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது" என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். பையன் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வர மறுத்திருக்கிறான். இத்தனையும் நம் கண் முன்னே நடந்தும் நமக்குத் தெரியாமற் போனது நமக்கே வெட்கமாயிருந்தது.

"நானும் இருவது வருசமா லாரி நெத்தியில பேரு எழுதறேனுங்க சார்" என்றார் அவர். "ஓனருங்க எல்லாம் அவங்கவங்க பிள்ளைங்க பேரைத்தான் எழுதச் சொல்லுவாங்க. இந்தப் பேரை ஒரு வண்டியிலயும் நான் எழுதினதில்லீங்க."

புதுப் பெயர் ஒன்றும் தயாராக இருந்தது. எண் கணிதக்காரர் ஒருவர் கூட்டிக் கழித்துக் கொடுத்த பெயர். 'ஷ்' என்று முடிகிறது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டோம். தகப்பனாருக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. நம் பதிவேட்டில் அப்படிப் பொருள் விளங்காத பெயர்கள் ஏழெட்டு இருக்கின்றன. கூப்பிட நன்றாயிருக்கின்றன என்பதைத் தவிர அவற்றைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லத் துணியோம். பெயரை அடியோடு மாற்றுவதானால் அரசிதழில் வெளியாக வேண்டும் என்று சொல்லி, அதற்கான முறைகளை விளக்கி, பள்ளிப் படிவத்தையும் கொடுத்தோம். அதுவரை வாய் திறவாதிருந்த முதியவர் எழுந்து வந்து, "வாத்தியாரய்யா, இந்தப் பேரு எப்பிடி வந்துதுன்னு நீங்களாச்சும் இவனுக்குச் சொல்லுங்க" என்றார்.

நமக்குத் தெரிந்ததைக் காட்டிலும் அவருக்குத் தெரிந்ததே அதிகம் என்று சற்று நேரத்தில் விளங்கிற்று. நேயர்களுக்கு அவர் சொன்னதையும், அதன் பின் நாம் தேடிப் படித்ததையும் சேர்த்தே இங்கே சொல்லுகிறோம்.

சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். நாமக்கல் தனி ஜில்லாவானது 1997-இல். அதற்கு முன் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நைனாமலை ஏறும் ஜனங்கள் இவ்வழியாகத்தான் போவார்கள். ஊரைத் தாண்டி மலையின் பக்கம் காரவள்ளிக்குச் செல்லும் சாலையில், கடலையும் சோளமும் மரவள்ளியும் விளையும் காடுகளுக்கு நடுவே, முதியவரின் வீடு. அவர் பிறந்தது 1950-களின் தொடக்கத்தில். "எனக்கு முந்தி மூணு போச்சுங்க" என்று தொடங்கினார். "மூத்தவன் கந்தசாமி. ரெண்டு வயசுல அம்மை பாத்துப் போயிட்டானாம். அடுத்தது பொண்ணு, லட்சுமின்னு வெச்சாங்களாம். அதும் நிக்கலீங்க. மூணாவதுக்குப் பேரே வெக்கலீங்க, ஏழாம் நாளே இழுப்பு வந்து போயிருச்சு."

நான்காவதாக இவர் பிறந்ததும், தாயார் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டாராம். மருத்துவச்சி குழந்தையை ஒரு பழைய முறத்தில் வைத்துக் கொல்லைப்புறமாக எடுத்துப் போய், எருக் குப்பையின் மேல் கிடத்தினாள். பல பிள்ளைகளைப் பெற்று எல்லாவற்றையும் வளர்த்தெடுத்த பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி, ஏதோ தற்செயலாய் அவ்வழி வந்தவள் போல வந்து, "யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை" என்று தூக்கிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு வீட்டின் முன்வாசலுக்கு வந்து, "குப்பையில் ஒரு பிள்ளை கிடந்தது, தவிட்டுக்குக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று விலை கூறினாள். தாயார் ஒரு படி தவிடு அளந்து கொடுத்துத் தம் வயிற்றுப் பிள்ளையையே விலைக்கு வாங்கிக்கொண்டார். அன்றே வலப்பக்கத்து மூக்கில் துளையிட்டு ஒரு பித்தளைக் கம்பியும் மாட்டப்பட்டது. குப்பை என்றே பெயர் வைத்தார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் அதனோடு 'சாமி'யைச் சேர்த்தாராம்.

முதியவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். துளை தூர்ந்து, ஒரு கடுகளவு வடு மட்டும் இருந்தது. பேரன் அதை அதற்கு முன் பார்த்ததேயில்லை போலும். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தவிட்டுக்கு விற்ற அந்த அம்மாள் உயிரோடிருந்த வரையில், வருஷந்தோறும் பொங்கலுக்கு அவருக்கு ஒரு புடவை இவர்கள் வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது. "என்னைய வித்தவங்க அவங்கதானுங்க, அவங்களுக்குச் செய்யாம இருக்க முடியுமுங்களா?" என்றார் முதியவர்.

இந்தச் சடங்கின் உட்கருத்தைச் சொல்ல அதிகம் வேண்டியதில்லை. எமனோ, பேயோ, பொறாமைக் கண்ணோ, பெற்றவர்கள் உயர்வாக மதிக்கும் பிள்ளையைத்தான் தேடி வரும். இது எங்கள் பிள்ளையே அன்று; குப்பையிற் கிடந்தது; ஒரு படி தவிட்டுக்கு மேல் பெறாது; பெயரும் குப்பை; வேண்டாம், விட்டுவிட்டுப் போ. தெய்வத்தையே ஏமாற்றுகிற தந்திரம் இது. மூன்று பிள்ளைகளைப் புதைத்த தாய்க்கு வேறு எந்த ஆயுதம் கையில் இருந்தது?

அந்தக் காலத்துக் கணக்கைப் பார்த்தால் அவளுடைய அச்சம் நமக்கும் புரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பிறந்த ஐந்து குழந்தைகளில் ஒன்று முதலாண்டு நிறைவதற்குள் மாண்டது. சுதந்திரம் வந்த பின், 1951-ஐ ஒட்டிய வருஷங்களிற்கூட, ஆயிரத்துக்குச் சுமார் 150 குழந்தைகள் அப்படி மாண்டன. 2020-ஆம் வருஷக் கணக்கில் தமிழ்நாட்டில் அத்தொகை ஆயிரத்துக்கு 13. கந்தசாமியைக் கொண்டுபோன பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1975-இல்.

பெயரில்லாத மூன்றாவது குழந்தையை ஏழாம் நாள் கொண்டுபோன இழுப்பு, மருத்துவர்கள் டெட்டனஸ் என்று சொல்லும் நோயாகவே இருந்திருக்க வேண்டும். அழுக்கேறிய கத்தியால் கொப்பூழ்க்கொடியை அறுப்பதாலும், அறுத்த இடத்தில் சாணச் சாம்பல் முதலியவற்றை அப்புவதாலும் அது பச்சைக் குழந்தைகளைப் பற்றும். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும், சுத்தமான பிரசவமும் வந்த பிறகு அது குறைந்துகொண்டே போயிற்று. 2015-இல்தான், தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. இதில் மனத்தை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. அந்நோயின் வித்துக்கள் வாழுமிடம் மண்ணும் கால்நடைகளின் சாணமுமே. குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமென்று தாய் எந்தக் குப்பையின் மேல் அதைக் கிடத்தச் சொன்னாளோ, அந்தக் குப்பைதான் எமனின் இருப்பிடமாயிருந்தது. குப்புசாமிகள் பிழைத்தது குப்பையாலன்று, குப்பையையும் மீறித்தான். ஒரு படி தவிட்டை அளந்தவளிடம் இதை யார் சொல்ல முடியும்?

இனி அச்சொல்லைச் சற்றுப் பார்ப்போம். குப்பை என்றால் கழிவு என்று இன்றைக்கு நினைக்கிறோம். பழந்தமிழில் அதற்குக் குவியல் என்பதே பொருள். நெல்லைக் குவித்தாலும் குப்பை, உப்பைக் குவித்தாலும் குப்பை. சிவகங்கை ஜில்லாவில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது; நெற்குவியல் என்று பொருள் கொண்டால் அது எத்தனை செழிப்பான பெயர்! நம் கொங்கு நாட்டுக் குடியானவர்களின் பேச்சில் இன்றும் குப்பை என்பது தொழு எருவைக் குறிக்கும். 'காட்டுக்குக் குப்பை அடித்தாயிற்றா?' என்று கேட்டால், நிலத்துக்கு எரு வண்டி ஓட்டியாயிற்றா என்று அர்த்தம். கொல்லையில் எத்தனை பெரிய குப்பை கிடக்கிறது என்பதை வைத்து அந்த வீட்டின் மாடுகளையும் நிலத்தையும் கணக்கிடுவார்கள். ஆகவே முதியவரைக் கிடத்திய இடம் நகரத்துக் குப்பைத்தொட்டி போன்றதன்று. அடுத்த போகத்துக்கு உயிர் கொடுப்பதற்காக அந்த வீடு சேர்த்து வைத்திருந்த பொருள் அது. பிளாஸ்டிக் பைகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் குப்பை என்று கண்டு வளர்ந்த நம் மாணவர்களுக்கு இது எப்படித் தெரியும்!

குப்புசாமிக்கு உறவுமுறை பெரிது. குப்பன், குப்பண்ணன், குப்பம்மாள், குப்பாயி என்று ஒரு வரிசை. மூக்குக் குத்தப்பட்ட மூக்கன், மூக்கம்மாள், மூக்காயி என்று ஒரு வரிசை. வீடு வீடாகப் பிச்சை எடுத்த அரிசியாலோ துணியாலோ வளர்த்த பிச்சை, பிச்சையம்மாள், பிச்சைமுத்து என்று மற்றொன்று. சிறுகதைகளாலும் புதுக்கவிதையாலும் பெயர் பெற்ற ந. பிச்சமூர்த்தியின் (1900–1976) இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். அவரோ பிச்சையை விலக்கவில்லை. புனைபெயர் ஒன்று வேண்டியிருந்தபோது 'பிக்ஷு' என்று அதையே வடமொழியில் வைத்துக்கொண்டார். கூகிள் நிறுவனத்தின் தலைமையை 2015-இல் ஏற்ற மதுரையிற் பிறந்த தமிழருடைய பெயரின் பிற்பகுதியும் பிச்சைதான். அமெரிக்கர்கள் அதை எவ்வளவு மரியாதையாக உச்சரிக்கிறார்கள் என்பதை நம் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதன் பொருளை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும். இல்லையேல் அவரையும் விட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டினாலும் இதே கதை. தெலுங்கில் குப்பைமேட்டுக்குப் 'பெண்ட' என்று பெயர். ஆகவே பெண்டய்யா, பெண்டம்மா. கன்னடத்தில் 'திப்பெ', ஆகவே திப்பய்யா, திப்பம்மா. வங்காளத்தில் மூன்று சோழிக்கு வாங்கிய பிள்ளை தீன்கரி, ஐந்து சோழிக்கு வாங்கியவன் பாஞ்ச்கரி. தவிட்டுக்குப் பதில் சோழி, அவ்வளவே வித்தியாசம். பஞ்சாபியர் பெயர்களைப் பற்றி 1883-இல் ஒரு நூல் வெளியிட்ட டெம்பிள் என்னும் ஆங்கில அதிகாரி, இப்படிப்பட்ட இழிபெயர்களைத் தனியாகத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்.

ஒரிய மொழியின் நாவல் இலக்கியத்துக்கு வித்திட்ட பக்கீர் மோகன் சேனாபதியின் (1843–1918) கதையோ உள்ளத்தை உருக்குவது. அவருக்கு இட்ட பெயர் விரஜ மோகன். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, நோயால் நலிந்து கிடந்த அக்குழந்தையைப் பாட்டியார் பாலேசுவரத்துப் பீர்களின் சன்னிதியில் நேர்ந்துகொண்டு, பக்கீர் மோகன் என்று பெயரை மாற்றினார். பக்கீர் என்றால் பிச்சைக்காரன். இந்துப் பாட்டி ஒருத்தி, முஸ்லிம் பெரியவர்களின் அருளை நாடிப் பேரனுக்கு இட்ட பெயர் ஒரிய இலக்கியத்தில் நிலைத்துவிட்டது.

இதே தாய்மார் அச்சத்தின் பெயர் ஒன்று நம் நாட்டுச் சரித்திரத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 1910-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு முன் பிறந்த ஆண் குழந்தைகள் மூன்றும் இறந்துபோயிருந்தன. ஆகவே ராமசந்திரன் என்ற அக்குழந்தைக்கு மூக்குக் குத்தி, நத்து என்னும் மூக்கணி போட்டு, பெண் குழந்தை போல் வளர்த்தார்கள். நத்து அணிந்த ராமன் நாதுராம் ஆனான். 1948 ஜனவரி 30-ந் தேதி காந்தியடிகளைச் சுட்டவன் அவன்தான். பெயர் உயிரைக் காக்குமானால்கூட, அந்த உயிர் என்ன செய்யும் என்பதற்கு எந்தப் பெயரும் பொறுப்பில்லை.

இவ்வழக்கம் எவ்வளவு பழமையானது? ஐதரேய பிராமணத்தில் அஜீகர்த்தன் என்ற ஏழை முனிவனின் மூன்று மக்கள் பெயரும் நாயின் வால் என்ற பொருளையே வெவ்வேறு விதமாகக் கூறுவன. நடுப்பிள்ளை சுனச்சேபன். அவனைத் தகப்பன் நூறு பசுக்களுக்கு விற்றுவிடுகிறான். தவிட்டுக்கு விற்பதைப் போன்ற பொய் விற்பனையன்று, வேள்வியில் பலி கொடுப்பதற்காக உண்மையாகவே விற்றது. வேள்வித் தூணில் கட்டப்பட்ட அவன் தேவர்களைத் துதித்து விடுபட்ட பின், விசுவாமித்திரர் அவனைத் தம் மகனாக ஏற்று, தேவராதன், அதாவது தேவர்களால் தரப்பட்டவன், என்று புதுப் பெயர் இட்டார். நாயின் பெயர் காப்புப் பெயராகத்தான் வைக்கப்பட்டதா என்று அந்நூல் சொல்லவில்லை. நமக்கு அப்படித் தோன்றுகிறது.

ஐரோப்பாவுக்குப் போனால், ஸ்லாவிய ஜனங்களிடையே நம் குப்புசாமியின் உடன்பிறந்தவர் ஒருவரைக் காணலாம். செர்பிய மொழியின் எழுத்தைச் சீர்திருத்தி, 1818-இல் அம்மொழிக்கு அகராதி வெளியிட்ட வூக் கராஜிச் (1787–1864) என்பவர் அவர். பேசுகிறபடியே எழுத வேண்டும் என்பது அவருடைய கொள்கை. குடியானவர்களின் பாட்டுக்களையும் கதைகளையும் திரட்டி உலகறியச் செய்தவரும் அவரே. 'வூக்' என்றால் ஓநாய். அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் எல்லாம் இறந்துபோனதால், பெற்றோர் ஓநாயின் பெயரை இட்டனர். குழந்தைகளைச் சூனியக்காரிகள் தின்றுவிடுகிறார்கள் என்றும், ஓநாய் என்ற பெயருடையவனை அவர்கள் அண்ட மாட்டார்கள் என்றும் அந்நாட்டார் நம்பினர். தம் பெயரின் இந்த வரலாற்றை அவர் தம் அகராதியிலேயே அச்சொல்லுக்கு நேரே விளக்கியிருக்கிறார். தம் பெயருக்குத் தாமே அகராதியில் பொருள் எழுதும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

நம் தாய் தெய்வத்தை ஏமாற்றப் பார்த்தாள். செர்பியத் தாய் பயமுறுத்தப் பார்த்தாள். வழிதான் வேறு. ரஷ்யரிடையே நம் வழியும் இருந்தது. பழைய ரஷ்யப் பெயர்களில் நெக்ராஸ் என்று ஒன்று. அழகில்லாதவன் என்று பொருள். அதிலிருந்து வந்த குடும்பப் பெயரையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருங்கவி நெக்ராசவ் உடையவராயிருந்தார். ஸ்லாவியரிடையே ஸ்தோயான் என்ற பெயரும் உண்டு. 'நிற்பவன்' என்று பொருள். 'அதும் நிக்கலீங்க' என்று நம் முதியவர் சொன்னாரே, அந்த நிற்றல்தான். ழிவ்கோ என்றால் உயிருள்ளவன்.

மொழி நூலார் சொல்லும் ஒரு செய்தி இங்கே சுவையானது. ழிவ்கோவின் வேரும் வடமொழி ஜீவனின் வேரும் ஒன்றே. ஸ்தோயானில் இருப்பது ஸ்தானம், ஸ்திரம் என்னும் சொற்களில் இருக்கும் அதே வேர். வூக் என்பதற்கு வடமொழி உறவு விருகம், அதாவது ஓநாய். பாரதம் படித்தவர்களுக்குப் பீமனின் மறுபெயர் விருகோதரன் என்பது நினைவுக்கு வரும். ஓநாய் வயிறன் என்று பொருள். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இரண்டு வகுப்புத் தள்ளிக் கேட்டது.

வூக் பிழைத்து எழுபத்தாறு வயது வரை வாழ்ந்தார். ஆனால் அவருக்குப் பிறந்த குழந்தைகளிற் பெரும்பாலானவை அவர் கண்ணெதிரே இறந்தன.

இவ்வளவு சொல்லியும் இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மை தவறியவர்களாவோம். குப்பை என்ற பெயரை எல்லாக் குழந்தைகளுக்கும் தாயின் அன்பே இடவில்லை. மனு தம் நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் பெயரிடும் முறையை வகுத்து, பிராமணனுக்கு மங்களமான பெயரும், க்ஷத்திரியனுக்கு வலிமையைக் காட்டும் பெயரும், வைசியனுக்குச் செல்வத்தைக் காட்டும் பெயரும் இட வேண்டும் என்கிறார். சூத்திரனுக்கோ இகழ்ச்சியான பெயர். நம் கிராமங்களில் இது நூலைப் படிக்காமலே நடந்து வந்தது. அதே குப்பை அக்கிரகாரத்திலும் நிலக்காரர் வீட்டிலும் குப்புசாமி என்று தலைநிமிர்ந்து நின்றது. சேரியில் குப்பன் என்று குனிந்தது. வடமொழிப் பேரறிஞர் குப்புசாமி சாஸ்திரியார் (1880–1943) பெயரால் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அதே காலத்தில் வயலில் ஏர் ஓட்டிய பண்ணையாள் தன் பிள்ளைக்குச் 'சாமி' என்று முடியும் பெயரை வைத்தாலும், ஆண்டை வாயில் அது 'அடே குப்பா' என்றுதான் வரும். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று தாழ்த்தி வைப்பது ஒன்று. தலை தூக்கக் கூடாது என்று தாழ்த்தி அழைப்பது மற்றொன்று. அப்படி அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அப்பெயரை உதறி எறிந்தால், அதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. நம் முதியவரின் பெயரோடு 'சாமி'யைச் சேர்த்த அந்தப் பழைய வாத்தியார் யாரோ, அவர் தம் பேனாவால் செய்தது சின்னக் காரியம் என்று நாம் நினைக்கவில்லை.

கப்பலேறிய குப்புசாமிகளின் கதை தனி. 1860-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தது. அதன் பிறகு ஐம்பது வருஷம் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. அங்கெல்லாம் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக உறைந்துபோனது. மொரீஷியஸில் பிரெஞ்சு எழுத்துக்களில் கூப்பூசாமி என்று அது குடும்பங்களின் பெயராக வழங்குகிறது. பிஜித் தீவில் தென்னிந்தியருக்கென்று 1926-இல் சங்கம் அமைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வழிகோலியவர் சாது குப்புசாமி என்ற துறவியார். குப்பைமேட்டுச் சடங்கை ஒரு நாளும் காணாத பிள்ளைகள் அத்தீவுகளில் அப்பெயரைக் கையொப்பமிடுகிறார்கள்.

மற்றொரு குப்புசாமியும் உண்டு. மைசூரைச் சேர்ந்த மனோதத்துவ அறிஞர் பி. குப்புசாமி 1976-இல் ஒரு குடும்பத்தின் கல்வி, தொழில், வருமானம் ஆகிய மூன்றையும் கொண்டு அதன் நிலையை அளக்கும் முறை ஒன்றை வகுத்துப் புதுப்பித்து வெளியிட்டார். இந்திய மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளின் உடல்நலத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் 'குப்புசாமி அளவுகோலை' எடுத்துக்கொண்டுதான் வீடுகளுக்குப் போகிறார்கள். எந்த வீட்டில் குழந்தை பிழைக்கிறது, எந்த வீட்டில் பிழைக்கவில்லை என்று கணக்கெடுக்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடிப் பிடிக்க முடியாது. இதுபோதாதென்று, ஈரோட்டிற் பிறந்த ஓர் அசைவ உணவகத்தின் தயவால் குப்பண்ணா என்ற பெயர் சென்னைத் தெருக்களிலும் விளக்கொளியில் மின்னுகிறது. அங்கே வரிசையில் நின்று பிரியாணி உண்பவர்கள் எவரும் அப்பெயரைக் கேட்டு முகஞ்சுளித்ததாகத் தெரியவில்லை.

இவற்றில் பாதியை அன்றைக்கே, மீதியை மறுவாரம் அவர்கள் மறுபடி வந்தபோது, அந்தத் தகப்பனாரிடம் சொன்னோம். பையனும் பக்கத்தில் நின்று கேட்டான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தகப்பனார் சொன்னார்: "கதையெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது சார். ஆனா தெனமும் கேலி கேக்கறவன் அவனுங்களே?"

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. கேலி செய்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டித்திருந்தோம். கண்டித்தால் கேலி வகுப்பறையை விட்டு மைதானத்துக்குப் போகும் என்பது இருபது வருஷ உத்தியோகத்தில் நாம் கண்டறிந்த உண்மை. மூன்று பிள்ளைகளில் நல்ல பெயர் வைத்த இரண்டும் போய், பெயர் வைக்காத ஒன்றும் போய், இந்தப் பெயர்தான் நின்றது என்று ஒரு கிழவர் சொல்லுகிறார். அதை மதிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளை தலை குனிந்து பள்ளிக்கு வருகிறான். அதையும் மதிக்க வேண்டும். அது மட்டுமன்று. தகப்பனார் தம் பெயரை எழுதும்போதெல்லாம் முன்னால் போடும் 'கு.' யாருடையது? படிவத்தில் அவர் கையொப்பமிட்ட இடத்தை நாம் சுட்டிக் காட்டியபோது, தாமே எழுதிய அந்த எழுத்தைச் சிறிது நேரம் பார்த்தார். லாரி நெற்றியில் எழுதுகிறவர் கை. 'கு' வெகு அழகாக விழுந்திருந்தது.

முடிவு அவர்களுடையது என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

படிவம் மாதக் கடைசியில் திரும்பி வந்தது. 'பெயர்: சரி' என்று எழுதி, கீழே கையொப்பம். கொண்டுவந்து கொடுத்த பையனிடம், உனக்குச் சம்மதந்தானா என்று தனியாகக் கேட்டோம்.

"அப்பாரு மூணு நாளாச் சோறு உங்காம இருந்துட்டாருங்க சார்" என்றான்.

காந்தி பிறந்த நாட்டில் கிழவர்களுக்கு இந்த ஆயுதம் எளிதில் கைவருகிறது. உனக்கு வருத்தமில்லையா என்று மறுபடி கேட்டோம். சற்று யோசித்தான்.

"காலேஜுக்குப் போறப்ப மாத்திக்கறேனுங்க. அப்பாருகிட்டச் சொல்லீறாதீங்க."

அதற்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கிறது.